பழுப்புக் கறை எந்த அடுக்கில்?

உட்கன்னத்தில் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டை லுகோபிளேக்கியா என்கிறார்கள் மருத்துவர்கள். புகையிலை போடுபவர்களிடமும் பாக்கு மெல்பவர்களிடமும் அடிக்கடி காணப்படுவது இது. பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை, சில மாறிவிடுகின்றன. எது மாறும் என்று அறிய, திட்டிலிருந்து சிறு துணுக்கை வெட்டியெடுத்து, செல்களின் உருவம் எவ்வளவு குலைந்திருக்கிறது என்று பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். ஆனால் ஒரே துணுக்கை ஒரு நிபுணர் லேசான மாற்றம் என்பார், இன்னொருவர் நடுத்தரம் என்பார். இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கப் புரதக் குறியீடுகள் உதவும். ஆனால் அவை திசுவில் காட்டும் கறை எவ்வளவு என்று எண்ணுவதோடு நில்லாமல், அது எந்த அடுக்கில் விழுந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மெழுகில் பதித்த திசுவைச் சில மைக்ரான் தடிமனுக்குச் சீவி, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் விடுவார்கள். அந்தப் புரதம் உள்ள இடம் பழுப்பாகும். மற்ற உட்கருக்கள் நீலமாகத் தெரியும். கி-67 என்பது பெருகும் செல்களில் இருக்கும் புரதம். அதற்கான எதிர்ப்பொருள் 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் உருவானதால் இந்தப் பெயர். நலமான வாய்ச்சவ்வில் இந்தப் பழுப்பு உட்கருக்கள் அடித்தளத்தை ஒட்டிய வரிசைகளோடு நின்றுவிடும். மேலே ஏறும் செல்கள் பெருகுவதை நிறுத்தி, முதிர்ந்து, உதிர வேண்டியவை. அங்கேயும் பழுப்பு தெரிந்தால் அந்த ஒழுங்கு குலைந்துவிட்டது என்று பொருள். பொடோபிளானின் என்ற புரதமும் இதையே காட்டுகிறது. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இப்புரதம் அடி அடுக்கைத் தாண்டி மேலேறியிருந்த லுகோபிளேக்கியா நோயாளிகளுக்குப் புற்றுநோய் வருவது கூடுதலாக இருந்தது.

பி53இன் கதை வேறு. இந்தக் காவல் புரதத்தை நலமான செல் உண்டாக்கிய வேகத்திலேயே அழித்துவிடுவதால் கறை அநேகமாகத் தெரியாது. அதன் மரபணு பிறழ்ந்தால் புரதம் அழியாமல் தேங்கி உட்கரு அடர்ந்த பழுப்பாகும். ஆனால் சில பிறழ்வுகளில் புரதமே உருவாகாது. அப்போது கறையே இருக்காது. இதைக் காட்டித்தான் குறியீடுகளை நம்ப முடியாது என்கிறார்கள் சிலர். வெறும் அழற்சியிலும் கி-67 கூடும் என்பது அவர்களின் அடுத்த வாதம். இரண்டும் உண்மை. ஒற்றைப் புரதத்தைக் கொண்டு தீர்ப்பெழுதக் கூடாது என்பதற்கு இவை நல்ல காரணங்கள். செல்லின் உருவம், அடுக்கு, இரண்டு மூன்று புரதங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் படிப்பதற்கு எதிரான காரணங்கள் அல்ல.

திசு ஆய்வு எதற்கு, வாயைப் பார்க்க டார்ச் விளக்கே போதுமே என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வாயைத் திறந்து பார்த்ததாலேயே புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005இல் அதன் முடிவு வெளியானது. நம் கிராமங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். ஆனால் டார்ச் திட்டைக் கண்டுபிடித்துத் தரும். யாரை அடிக்கடி வரவழைக்க வேண்டும் என்பதைத் திசுதான் சொல்லும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் திட்டோ வாயில் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். அறிக்கையில் பி53 கறை இல்லை என்று வந்தாலும், மறுபரிசோதனைக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.