கையடக்க ஏலக்கடை
(கைபேசிப் பொருளாதாரம் – 9)

ஆப்லோவின் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்களும் அது கொண்டுவந்து காட்டிய விளம்பரத்தைப் பார்த்திருப்பார்கள். இலவச விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்ததும் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு இன்னொரு விளையாட்டின் விளம்பரம் வருகிறதே, அதை அங்கே சேர்ப்பிக்கும் பெரிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2012-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த நிறுவனம் இடையில் விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் பலரை வாங்கிப் போட்டது. 2025-ல் அந்த விளையாட்டுப் பிரிவை லண்டனைச் சேர்ந்த டிரிப்பிள்டாட் ஸ்டுடியோஸுக்கு விற்றுவிட்டு, விளம்பர வியாபாரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டான 2024-ல் அதன் பங்கு விலை சுமார் 8 மடங்காகியிருந்தது. விளையாட்டுக்கு நடுவே விளம்பரம் வருவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விளம்பர ஏலத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதுதான் விளையாட்டின் வேலை என்று தொழில் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள்.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. ஆப்பிள் தன் செயலிக் கடையை 2008 ஜூலையில் திறந்தபோது விளையாட்டுகளை ஒரு டாலர், சில டாலர் என்று காசு கொடுத்து வாங்குவது சாதாரணம். அடுத்த ஆண்டே, விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே பொருள் விற்கும் வழி திறந்தது. அதே 2009-ல் கைபேசி விளம்பர நிறுவனமான ஆட்மாப்பை 75 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. ஐபோனில் காசுக்கு விற்ற ஆங்ரி பேர்ட்ஸ், 2010-ல் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது விளம்பரத்தோடு இலவசமாகவே வந்தது. ஹனோயைச் சேர்ந்த டாங் நுயென் உருவாக்கிய ஃபிளாப்பி பேர்ட், 2014 தொடக்கத்தில் பேனர் விளம்பரங்களால் நாளொன்றுக்கு 50,000 டாலர் ஈட்டியது என்று அவரே பேட்டியில் சொன்னார். விளையாடுபவர்கள் அதற்கு அடிமையாகிறார்கள் என்று சொல்லி, அந்த பிப்ரவரியிலேயே விளையாட்டைக் கடையிலிருந்து எடுத்தும்விட்டார். இந்தத் தொழிலில் அப்படி இன்னொருவரைத் தேடிப் பிடிப்பது சிரமம்.

இன்று ஒரு விளையாட்டுச் செயலிக்குள் விளம்பர நிறுவனங்கள் தந்த நிரல் தொகுப்புகள் பொதிந்திருக்கின்றன. எஸ்.டி.கே. என்பார்கள். விளம்பரத்துக்கு ஓர் இடம் வரப்போகிறது என்றதும் இந்தத் தொகுப்பு வெளியே ஒரு தகவல் சீட்டை அனுப்புகிறது. என்ன கைபேசி, எந்த மொழி, எந்த இணைய முகவரி, ஏறக்குறைய எந்த ஊர், எந்த விளையாட்டு என்பதோடு, அந்தக் கைபேசிக்கென்றே உள்ள விளம்பர அடையாள எண்ணும் அதில் போகலாம். சீட்டைப் படித்து, பல நிறுவனங்களின் கணினிகள் விலை கேட்கின்றன. ஒரு நொடிக்குள் ஏலம் முடிகிறது. வென்றவரின் விளம்பரம் நம் திரைக்கு வருகிறது. ஆனால் ஏலத்தில் தோற்றவர்களும் அந்தச் சீட்டைப் படித்துவிட்டார்கள். விளம்பரம் காட்டும் எண்ணமே இல்லாமல், சீட்டுகளைப் படித்துச் சேர்த்துவைப்பதற்காகவே ஏலத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் கிரேவி அனலிட்டிக்ஸ் என்ற அமெரிக்க இருப்பிடத் தரவு நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட தகவல்களின் ஒரு பகுதி வெளியானபோது, அதிலிருந்த ஆயிரக்கணக்கான செயலிகளின் பட்டியலில் கேண்டி கிரஷ்ஷும் இருந்தது. பட்டியலில் இருந்த சில செயலிகளின் உரிமையாளர்கள், கிரேவியோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றார்கள். பொய் சொன்னார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. ஏலத்துக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்பது கடையைத் திறந்து வைத்தவருக்கே தெரியாது. 2014-ல் ஸ்னோடன் ஆவணங்கள் வழியாக, அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் ஆங்ரி பேர்ட்ஸ் போன்ற செயலிகளிலிருந்து கசியும் தகவல்களில் கண் வைத்திருந்தது தெரியவந்தபோதும், அதன் தயாரிப்பாளரான ரோவியோ மூன்றாம் தரப்பு விளம்பர வலையமைப்புகளைத்தான் சுட்டிக்காட்டியது.

சோப்பும் ஷாம்பூவும் விற்க இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். விளையாட்டுக்குள் வரும் விளம்பரங்களைச் சற்றுக் கவனித்தால் அவற்றில் பெரும்பகுதி வேறு விளையாட்டுகளுக்கானவை என்பது தெரியும். கையிலிருக்கும் ஆடுபவரை ஒரு விளையாட்டு தன் போட்டியாளருக்கு ஏன் காட்ட வேண்டும்? இலவச விளையாட்டில் உள்ளே காசு செலவழிப்பவர்கள் நூற்றில் ஐந்து பேர்கூட இல்லை என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அந்தச் சிலருள்ளும் மிகச் சிலரே அள்ளிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தொழிலில் திமிங்கிலம் என்றே பெயர். ஒருவரை இழுத்துவர ஆகும் செலவைவிட அவர் மொத்தத்தில் கொடுக்கப்போகும் தொகை அதிகமாக இருந்தால் போதும், வியாபாரம் ஓடும். ஆகவே காசு கொடுக்காத நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை விளம்பரத்துக்குக் காட்டிச் சம்பாதிப்பதும், அந்தப் பணத்தைக் கொண்டு வேறு இடத்திலிருந்து திமிங்கிலத்தைத் தேடுவதும் ஒரே செயலின் இரண்டு முனைகள். கைபேசியின் விளம்பர அடையாள எண்ணைப் பின்தொடர்வது இதற்காகத்தான். நேற்று இன்னொரு விளையாட்டில் நள்ளிரவில் ஆயிரம் ரூபாய் செலவழித்த கைபேசி இன்று எந்தத் திரையில் தென்படுகிறது என்று தெரிந்தால், அதற்கு எந்த விலையும் கேட்கலாம்.

விளையாட்டில் இல்லாததை விளம்பரத்தில் காட்டும் பழக்கமும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். ஊசியை உருவினால் நெருப்புக் குழம்பு வழிந்து மனிதனைத் தின்றுவிடும் என்று காட்டிய ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் விளம்பரங்கள் பலருக்கு நினைவிருக்கும். இறக்கிப் பார்த்தால் ஒரே நிறக் காய்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் விளையாட்டு. 2020 செப்டம்பரில் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் இவற்றில் இரண்டைத் தவறாக வழிநடத்துபவை என்று தடை செய்தது. அப்படிப்பட்ட புதிர்களும் உள்ளே இருக்கின்றன என்று நிறுவனம் வாதிட்டது. அவை எங்கோ சில இடங்களில் மட்டுமே வருகின்றன என்பதால் வாதம் எடுபடவில்லை. ஏமாந்து இறக்கியவர்களில் பலர் அன்றே நீக்கிவிடுவார்கள் என்பது விளம்பரம் செய்தவருக்குத் தெரியும். மலிவாக ஆயிரம் பேரை உள்ளே தள்ளி, தங்குகிற பத்துப் பேரில் இரண்டு பேர் காசு கொடுத்தால் போதும் என்பவருக்கு மற்றவர்களின் எரிச்சல் ஒரு செலவே அல்ல.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் விளம்பரத்தில்தானே பிழைக்கின்றன? ஆமாம், நீங்கள் படிக்கும் இந்த இதழும்தான். ஆனால் இந்தப் பக்கத்துக்கு எதிரே உள்ள விளம்பரத்தைக் கோவையில் படிப்பவரும் கொழும்பில் படிப்பவரும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். அதைப் பார்ப்பவர் சென்ற மாதம் என்ன வாங்கினார், எத்தனை மணிக்குத் தூங்கப் போனார் என்பது இந்தக் காகிதத்துக்குத் தெரியாது. விளம்பரதாரர் காசு கொடுத்தது இடத்துக்கு. விளையாட்டுச் செயலியில் அவர் விலை கேட்பது ஆளுக்கு. அதனால் விளம்பரத்தை நான் எதிர்க்கவில்லை. ஆடுபவரை ஏலப் பொருளாக்குவதை எதிர்க்கிறேன். இரண்டும் ஒன்றாகவே வந்தாக வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை.

கட்டாயம் உண்டு, கண்காணிப்பை எடுத்துவிட்டால் இலவச விளையாட்டே செத்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. 2021 ஏப்ரலில் ஆப்பிள், ஒவ்வொரு செயலியும் பின்தொடர அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. அதனால் 2022-ல் தனக்கு வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மதிப்பிட்டது. விளம்பரம் நின்றுவிடவில்லை, பார்ப்பவர் எண்ணிக்கையும் விழவில்லை; பார்ப்பவர் யார் என்று அடையாளம் காண்பது சிரமமானதற்கே இந்த விலை. சில நொடியில் கற்றுக்கொண்டு சில நாளில் சலித்துப்போகும் சின்னஞ்சிறு விளையாட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பலத்த அடி; அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஐபோனில் இலவச விளையாட்டுக்குப் பஞ்சம் வந்துவிடவில்லை. விருப்பப்பட்டு ஒரு காணொளியைப் பார்த்தால் நாணயம் தரும் முறை 2014-லேயே நன்றாக ஓடியது. ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு குழு செய்த கிராஸி ரோடு முதல் மூன்று மாதங்களில் ஈட்டிய ஒரு கோடி டாலரில் கணிசமான பங்கு அத்தகைய காணொளிகளிலிருந்து வந்தது. பார்க்காதவருக்கும் அதில் விளையாட்டு தடைப்படவில்லை. அது நேர்மையான பண்டமாற்று. விளம்பரம் பார்க்காமல் தாண்ட முடியாதபடி கட்டத்தை வேண்டுமென்றே கடினமாக்குவதைப் பண்டமாற்று என்று சொல்ல மாட்டேன்.

காசு கொடுத்து விளம்பரத்தை நீக்கிக்கொள்ளலாமே என்பார்கள். கொடுக்க முடிந்தவருக்கு அது வசதிதான். ஆனால் இந்தியா போன்ற நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் இறக்கி ஆடுகிறார்கள், காசு கொடுப்பவர் மிகக் குறைவு; ஆயிரம் முறை காட்டுவதற்கு இங்கே கிடைக்கும் தொகையும் அமெரிக்காவில் கிடைப்பதைவிட வெகு குறைவு. வருமானத்தை எட்ட, விளம்பரத்தைக் கூட்டுவதுதான் தயாரிப்பாளருக்கு எளிய வழி. ஏழையின் நேரம் மலிவு என்பதால் அது கூடுதலாக எடுக்கப்படுகிறது. தவிர, விளம்பரம் மறைந்தால் உளவும் மறைந்தது என்று பொருளில்லை. இலவச, கட்டணச் செயலிகளை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், கட்டணப் பதிப்புகள் பலவற்றிலும் அதே மூன்றாம் தரப்பு நிரல் தொகுப்புகள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

பெரியவர்கள் தெரிந்தே ஆடுகிறார்கள் என்றாவது வாதிடலாம். குழந்தைகள் விஷயத்தில் அந்த வாதமும் நிற்காது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல், ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் 135 செயலிகளைப் பார்த்தபோது 95 சதவீதத்தில் ஏதோ ஒரு வகை விளம்பரம் இருந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, குழந்தைகளுக்கான 5,855 இலவச ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து, பெரும்பாலானவை அமெரிக்கக் குழந்தைத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறக்கூடியவை என்றது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகப் பேசுகிறது: 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன; நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். அதற்குச் சில மாதம் முன்பு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் மத்திய அரசு தடை செய்தது. ரம்மியால் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு அந்தத் தடையின் அருமை புரியும். ஆனால் அது விளம்பரத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தொட்டதே தவிர, யாரிடம் காட்டுவது என்று தீர்மானிக்கும் ஏலத்தைத் தொடவில்லை. கூகுள் 2022-ல் கொண்டுவந்த விதிகளும் அப்படியே. ஆட்டத்தின் நடுவே எதிர்பாராமல் முழுத்திரை விளம்பரம் கூடாது, 15 நொடிக்குப் பிறகும் மூட முடியாமல் இருக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. நல்ல விதிகள்தான், எரிச்சலைத்தான் குறைக்கின்றன.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் தனியுரிமை அல்லது கூகுள் பகுதிக்குள் ‘விளம்பரங்கள்’ என்று ஒன்று இருக்கும். அங்கே விளம்பர ஐடியை நீக்கிவிடலாம். ஐபோனில் தனியுரிமைப் பகுதிக்குள் போய், பின்தொடர அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம். வீட்டுக் குழந்தைகள் கையில் கொடுக்கும் கைபேசியில் இதை முதலில் செய்யுங்கள். விளம்பரம் முன்பு வந்த அளவுக்கு வந்துகொண்டேதான் இருக்கும்; ஏலச்சீட்டில் உங்கள் எண் இருந்த இடத்தில் வெறும் பூஜ்ஜியங்கள் இருக்கும்.