எருவும் இரசாயன உரமும்: செம்புறை மண் கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரத்தைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் பெரிதும் காணப்படுவது செம்புறை மண்ணாகும். ஆண்டில் இரு பருவமழைகளைப் பெறும் இம்மண்ணிலிருந்து பயிருக்கு வேண்டிய சத்துக்கள் நீரில் கரைந்து இறங்கிவிடுகின்றன. எஞ்சுவது புளிப்புத் தன்மை மிகுந்த, மக்குப் பொருள் குறைந்த மண்ணே.

இத்தகைய நிலத்திலும் மரச்சீனி எனப்படும் மரவள்ளி விளையும். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் (1880–1885) இதன் சாகுபடியை ஊக்குவித்தார். அரிசித் தட்டுப்பாட்டுக் காலங்களில் ஏழை மக்களின் பசியாற்றிய கிழங்கு இதுவாகும். ஆயினும், எங்கும் விளையும் பயிருக்கு உரம் எதற்கு என்று எண்ணுவது பிழை. ஒவ்வோர் அறுவடையிலும் கிழங்குடன் மண்ணின் சாம்பற்சத்தும் மிகுதியாக வெளியேறுகிறது.

இவ்விழப்பை எரு மட்டும் ஈடு செய்யுமா? தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவே உள்ளது. 12.5 டன் எருவில் ஏறத்தாழ 60 கிலோ கிடைக்கும். அதுவும் நுண்ணுயிர்கள் சிதைத்த பின்னரே சிறிது சிறிதாகப் பயிரை அடையும். இரசாயன உரம் விரைந்து பயன் தரும். ஆனால் சத்தைப் பற்றி வைக்கும் ஆற்றல் குறைந்த இம்மண்ணில் ஒரு பெருமழை அதனைக் கரைத்துச் சென்றுவிடும். மக்கு அச்சத்தைப் பிடித்து வைக்கிறது. ஆகவே இவ்விரண்டும் போட்டிப் பொருள்கள் அல்ல, ஒன்றுக்கொன்று துணையாவன.

1963-இல் நிறுவப்பெற்று, ஸ்ரீகாரியத்தில் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், 1977 முதல் மரவள்ளியில் நீண்டகால உரப் பரிசோதனை நடத்தி வந்துள்ளது. ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரத்துடன் தழைச்சத்து 100, மணிச்சத்து 50, சாம்பற்சத்து 100 கிலோ இடுவது பொதுப் பரிந்துரையாகும். மணிச்சத்து மண்ணில் தங்கிச் சேர்வது கண்டறியப்பட்டதனால், அதன் அளவு 100 கிலோவிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. மண் பரிசோதனையின்றி உரமிடுவது பணத்தை மண்ணில் புதைப்பதாகும் என்பதற்கு இதுவே சான்று.

எருவையும் மணிச்சத்தையும் நடவின்போதே முழுமையாக இடவேண்டும். தழைச்சத்தையும் சாம்பற்சத்தையும் பாதி அப்பொழுதும், மீதியை 45 முதல் 60 நாட்களுக்குள் களையெடுத்து மண் அணைக்கும்போதும் இடுவது நலம்.

மாடுகளை விற்றுவிட்ட குடியானவர் உர மூட்டையை மட்டுமே நம்பும் நிலைக்கு வந்துவிடுகிறார். சருகு, களை, சமையற்கழிவு ஆகியவற்றைக் கம்போஸ்டாக்கும் முறையைக் களப்பணியாளர் அவருக்குச் செய்து காட்டுதல் வேண்டும். ஆசிரியர்கள் பள்ளித் தோட்டத்தில் எரு, இரசாயன உரம், இரண்டும் கலந்தது என மூன்று பாத்திகளை அமைத்து, விளைந்த கிழங்கை மாணவர்களைக் கொண்டே நிறுக்கச் செய்யலாம். தராசு காட்டும் உண்மையை மாணவர் வீட்டுக்கும் எடுத்துச் செல்வர்.