பிறையும் கணிதமும்

அறிவியலுக்கும் சமய நம்பிக்கைக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1633-இல் ரோம் நகரில் கலீலியோ விசாரிக்கப்பட்ட நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவர். ஐரோப்பியத் திருச்சபை வரலாற்றின் ஒரு வழக்கை எல்லாச் சமயங்களுக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய அளவுகோலாக்குவது பொருந்தாது. தமிழக முஸ்லிம்களைப் பொறுத்தவரை இவ்வுறவு ஏட்டில் தேடிக் காண வேண்டிய பழங்கதையும் அன்று. ஆண்டுதோறும் ரமலான் தொடங்கும்போதும் முடியும்போதும் அது வாசலில் வந்து நிற்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டார் நோன்பிருக்க, அடுத்த வீட்டார் பெருநாள் கொண்டாடும் நிலையைப் பல ஊர்கள் கண்டுள்ளன. இதை மார்க்கத்துக்கும் விண்ணியலுக்கும் இடையிலான மோதல் என்று சிலர் கருதுகின்றனர். அக்கருத்து சரியா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

இஸ்லாமியக் கடமைகள் மூன்று வகையில் வானத்தோடு தொடர்புடையவை. தொழுகைக்குத் திசை வேண்டும், நேரம் வேண்டும், நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் மாதத்தின் தொடக்கம் தெரிய வேண்டும். மதுரைக்கு வடமேற்கே வைகைச் சமவெளியில் உள்ள சமயநல்லூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்மூன்றையும் நோக்குவோம்.

முதலாவது, திசை. நம் மக்கள் வழக்கில் கிப்லா என்றாலே மேற்கு என்பதாகும். ஆனால் பூமி உருண்டை என்பதைக் கணக்கில் கொண்டால், சமயநல்லூரிலிருந்து கஅபாவின் திசை நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே சாய்ந்துள்ளது. இதைக் கருவியின்றியே சரிபார்க்கலாம். ஆண்டுதோறும் மே 28-ஐ ஒட்டியும் ஜூலை 16-ஐ ஒட்டியும் சூரியன் மக்காவில் நேர் உச்சிக்கு வருகிறது. அக்கணம் நம் கடிகாரத்தில் முறையே பிற்பகல் 2.48, 2.57 மணியாகும். அப்போது சமவெளியில் நேராக ஒரு கோலை நட்டு, அதன் நிழலுக்கு எதிர்த்திசையை நோக்கினால் அதுவே கிப்லா.

இரண்டாவது, நேரம். இந்தியப் பொது நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. சமயநல்லூரோ ஏறத்தாழ 78 பாகையில் உள்ளது. ஆகவே அங்குச் சூரியன் உச்சியைக் கடப்பது சராசரியாகப் பகல் 12.18 மணிக்கு. லுஹர் நேரம் அதன் பின்னரே தொடங்கும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணை இத்தகைய கணிதத்தின் விளைவே. இன்று எந்த முஅத்தினும் நிழலை அளந்துவிட்டு அஸருக்குப் பாங்கு சொல்வதில்லை. இதை மார்க்கத்துக்கு முரண் என்று கூறுவோரும் இல்லை.

இந்த இணக்கம் நேற்று ஏற்பட்டதன்று. அல்-பிரூனி (973–1048) கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாகக் காண வேண்டி, ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை நிறுவும் நூலொன்றை எழுதினார். இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டை மலையிலிருந்து அடிவானத்தின் தாழ்வை அளந்து, பூமியின் ஆரத்தைக் கணித்த முறையை அவர் விளக்கியதும் அந்நூலிலேயே ஆகும். தொழுகைத் திசையைத் தேடிய பயணத்தில் பூமியின் அளவு கிடைத்தது. திமிஷ்கு (டமாஸ்கஸ்) உமைய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் பணியில் இருந்த இப்னு அஷ்-ஷாத்திர் (1304–1375) அமைத்த சந்திர இயக்க மாதிரி, 1543-இல் கோப்பர்நிக்கஸ் வெளியிட்டதோடு கணித வகையில் ஒத்திருப்பதை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

அப்படியெனில் மூன்றாவதான மாதத் தொடக்கத்தில் மட்டும் வேற்றுமை எழுவது ஏன்? சந்திர மாதத்தின் சராசரி நீளம் 29 நாள் 12 மணி 44 நிமிடம். சூரியனும் சந்திரனும் ஒரே தீர்க்கத்தில் சேரும் சங்கமத்தை, அதாவது அமாவாசைக் கணத்தை, இன்று நொடிக் கணக்கில் முன்கூட்டியே சொல்ல இயலும். ஆனால் சங்கமம் வேறு, பிறை கண்ணுக்குத் தென்படுவது வேறு. சந்திரன் சூரியனை விட்டு ஒரு நாளில் ஏறத்தாழ 12 பாகை விலகுகிறது. இடைவெளி 7 பாகைக்குக் குறைவாயின் பிறை புலப்படாது என்பதைப் பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரே தான்ஜோன் 1930-களில் எடுத்துக்காட்டினார். அதன் பின்னரும் காற்றின் தூசு, அடிவான மேகம், காண்பவரின் பார்வைத் திறன் ஆகியவை குறுக்கிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சமயநல்லூரின் மேற்கு வானம் எத்தனை மாலைகள் தெளிந்திருக்கும் என்பதை அவ்வூரார் அறிவர்.

மாதம் எதனால் தொடங்குகிறது? சங்கமத்தாலா, பிறை தென்படும் வாய்ப்பாலா, நேரில் கண்டவரின் சாட்சியத்தாலா? இவ்வினாவுக்கு விண்ணியல் விடை தருவதில்லை. சந்திரன் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்பதோடு அதன் பணி முடிகிறது. மீதி சட்டத்தின் பணி. கணக்கை ஏற்றோரிடையிலும் ஒரே விதி இல்லாமைக்கு இதுவே காரணம். 1978-இல் இஸ்தான்புல்லில் கூடிய மாநாடு, பிறைக்கும் சூரியனுக்கும் இடையே 8 பாகையும் அடிவானத்துக்கு மேல் 5 பாகையும் வேண்டும் என வரையறுத்தது. சங்கமமே போதும் என்போரும் உளர்.

பிறை கண்டு நோன்பு நோற்கவும், பிறை கண்டு நோன்பை நிறைவு செய்யவும், மேகம் மறைத்தால் முப்பதாக எண்ணவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தம் சமூகத்தார் எழுத்தும் கணக்கும் அறியாதோர் என்று அவர்கள் கூறியதாக வேறொரு நபிமொழியும் உண்டு. பெரும்பான்மை இமாம்கள் காண்பதே சட்டம் என்றனர். ஷாஃபிஈ அறிஞர் தகிய்யுத்தீன் சுப்கீ (இறப்பு 1355), பிறை தென்பட வழியே இல்லை எனக் கணக்கு உறுதியாகக் காட்டும்போது, கண்டதாகக் கூறும் சாட்சியை ஏற்கலாகாது என்றார். எகிப்திய ஹதீஸ் அறிஞர் அஹ்மத் ஷாகிர் 1939-இல் மேலும் ஒருபடி சென்று, கணக்கறியாமை என்ற காரணம் நீங்கியபின் கணக்கின்படி நடப்பதே முறை என வாதிட்டார். ஆக, இவ்விவாதம் ஆலிம்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் இடையே நடப்பதன்று. மார்க்கச் சட்ட அறிவுக்குள்ளேயே எழுநூறு ஆண்டுகளாக நடந்துவருவது.

இச்சிக்கல் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குத் தமிழகமே சான்று. 1825-இல் ஜான் வாரன் என்பவர், சோழிகளைத் தரையில் வைத்து, மனனம் செய்திருந்த வாக்கியங்களைக் கொண்டு அவ்வாண்டு மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றிப் பதிவு செய்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம் மட்டுமே. முடிவிலோ 52 நிமிடம். பின்னர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, நேரடி வானோக்குக்கு இயைந்த திருக்கணித முறைப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். எனினும் வாக்கியப் பஞ்சாங்கம் மறையவில்லை. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17-லும், வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20-லும் அமைந்தது. திருநள்ளாறு கோயிலில் விழா நடந்தது டிசம்பரில்தான். கோள் எங்கே இருக்கிறது என்பதை அறியாததால் அன்று. எந்த மரபைப் பின்பற்றுவது என்பது வேறு வினா என்பதால்.

நபிகளாரின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில், கி.பி. 632 ஜனவரி 27 எனக் கணக்கிடப்படும் நாளில், சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று அண்ணலார் மறுத்துவிட்டு, தொழுகைக்கு அழைத்தார்கள். வானத்தின் நிகழ்ச்சியை அதன் இயல்பிலும், அடியானின் கடமையை அதன் இடத்திலும் வைத்த முன்மாதிரி அது.

பிறை பற்றிய நம் பேச்சில் இந்த வேறுபாடு காக்கப்படுமாயின், கணக்கை ஏற்பவரை நபிவழியைக் கைவிட்டவர் என்றும், கண்ணால் காண்பதை வலியுறுத்துபவரை அறிவியல் அறியாதவர் என்றும் பழிக்க இடமிராது. தென்பட வாய்ப்பே இல்லாத மாலையில் வரும் சாட்சியத்தை ஏற்காதிருக்கக் கணக்கு துணை செய்யலாம். இதற்கு சுப்கீயின் தீர்ப்பு முன்னுதாரணமாக உள்ளது. மற்றபடி எந்த விதியை ஏற்பது என்பதை ஜமாஅத்தினரும் ஆலிம்களும் ரமலானுக்குப் பல மாதங்கள் முன்பே அமர்ந்து பேசி முடிவு செய்வதே தக்கது. இருபத்தொன்பதாம் நாள் மாலையில், மேகத்துக்கும் தொலைபேசிச் செய்திகளுக்கும் நடுவே அம்முடிவை எடுக்க முனைவதால்தான் ஒரே தெரு இரண்டு பெருநாள் காண்கிறது.