டிஸ்பிளே வராத புதுக் கணினி

சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களைப் பொறுக்கி வாங்கி, வீட்டிலேயே கணினியை அசெம்பிள் செய்கிறவர்களுக்கு ஒரு கண்டம் உண்டு. எல்லாவற்றையும் மாட்டி, பவர் பட்டனை அழுத்தினால் சத்தமே இருக்காது. உடனே வாயில் வரும் வார்த்தை: "மதர்போர்டு போச்சு!" பெரும்பாலும் அது போயிருக்காது. எங்கோ ஒரு ஒயர் சரியாக உட்கார்ந்திருக்காது, அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, ஃபேன் சுற்றுகிறதா என்பது.

சுற்றவே இல்லையென்றால் சுவர் பிளக்கிலிருந்து தொடங்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்தே கிடப்பது சிரிப்பை வரவழைக்கும் அளவுக்குச் சகஜம். அடுத்து, கேபினட்டின் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர். அதை எந்த இரண்டு பின்களில் மாட்ட வேண்டும் என்பது மதர்போர்டோடு வந்த கையேட்டில் படமாகவே இருக்கிறது. அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு பின்களையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் கணினி உயிர் பெறுகிறதா? அப்படியானால் கோளாறு பட்டனில்தான்.

ஃபேன் ஒரு விநாடி சுற்றி நின்றுவிட்டால் சங்கதி வேறு. எங்கோ ஷார்ட் ஆகிறது என்று சந்தேகப்படலாம். மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களில் ஒன்று தவறான இடத்தில் இருந்தால், அது போர்டின் அடிப்பக்கத்தில் உரசி இந்த வேலையைச் செய்யும்.

அதிகம் பேரை அலைக்கழிப்பது மூன்றாவது வகை: ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், டிஸ்பிளே வராது. 24 பின் கேபிளை எல்லோரும் மாட்டிவிடுவார்கள். பிராசசருக்கென்று போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் கேபிளைத்தான் மறப்பார்கள். மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். இன்டெல் ஐ5-12400எஃப், ஏஎம்டி ரைசன் 5 5600 போன்ற பிராசசர்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. கேபிளை மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும்.

ராம் இரண்டு என்றால், பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தத் தயங்கக் கூடாது. டிடிஆர்5 ராம் போட்ட கணினி முதல் தடவை சில நிமிடங்கள் திரையில் எதையும் காட்டாமல் ராமைப் பழகிக்கொண்டிருக்கும். பதறிப்போய் பவரை நிறுத்தினால், அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் இருந்தால் நல்லது. எது அணையாமல் நிற்கிறதோ, தேட வேண்டிய இடம் அது.

எல்லாம் சரியாக இருந்தும் வராமல் போவதுண்டு. 2018இல் ரைசன் 2200ஜி, 2400ஜி வந்தபோது, பொருந்தும் என்று சொல்லப்பட்ட பழைய போர்டுகள் பல, பயாஸ் புதுப்பிக்கப்படாததால் அவற்றை அடையாளம் காணவில்லை. பயாஸைப் புதுப்பிக்க மட்டும் ஏஎம்டி நிறுவனமே வேறொரு பிராசசரை வாடிக்கையாளர்களுக்கு இரவல் கொடுத்தது. இன்று பல போர்டுகளில், பிராசசரே இல்லாமல் பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பட்டன் இருக்கிறது.

இத்தனைக்கும் மசியாவிட்டால், போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து, அதன் அட்டைப் பெட்டிமேல் வைத்து, பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் போட்டுப் பார்க்கலாம். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். இந்த நிலையில் டிஸ்பிளே வந்தால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் குற்றவாளி சிக்கிவிடும். ஒவ்வொன்றையும் தொடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆளை அடிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும். சந்தேகம் அதன்மேல் என்றால், வாரன்டியில் கொடுத்து மாற்றிவிடுங்கள்.