உங்களுக்குத் தெரியுமா? - போர் தண்ணீரும் கதிரியக்கமும்

இளநீரும் கதிரியக்கம் உள்ளதுதான். ஒரு லிட்டர் இளநீரில் ஏறத்தாழ 2.5 கிராம் பொட்டாசியம் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 31 அணுக்கள் சிதைகின்றன. கணக்குப் போட்டால் லிட்டர் இளநீரில் நொடிக்கு எழுபத்தைந்துக்கு மேல் வருகிறது. யுரேனியம் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவைத் தொட்டு நிற்கும் போர் தண்ணீரில், அந்த யுரேனியத்தின் கணக்கில், லிட்டருக்கு நொடிக்கு ஒன்றுகூடத் தேறாது.

அதற்காக இளநீர்க் கடையைத் தாண்டி ஓட வேண்டியதில்லை. பொட்டாசியம் எவ்வளவு உள்ளே போனாலும் உடம்பு தனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றிவிடும். வளர்ந்த ஒருவரின் உடலில் எந்நேரமும் நொடிக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொட்டாசியம் அணுக்கள் சிதைந்தபடியேதான் இருக்கின்றன. தண்ணீரின் பீட்டா கதிர் அளவு வரம்பைத் தாண்டினால், ஆய்வகத்தார் பொட்டாசியத்தின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். எத்தனை அணு சிதைகிறது என்பதைவிட, அது எந்தத் தனிமம், உடம்புக்குள் எங்கே போய் உட்காருகிறது என்பதே கேள்வி.

★

எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே.ஜே. தாம்சன், கிணற்று நீரிலிருந்து கதிரியக்க வாயு ஒன்று வெளியேறுவதை 1903-இல் அறிவித்தார். இன்று அதை ரேடான் என்கிறோம். இந்தச் செய்தியைக் கேட்டு உலகம் பயந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது தலைகீழ். பேர்பெற்ற வெந்நீர் ஊற்றுகளின் மகிமையே இதுதான் என்று ஜனங்கள் முடிவுகட்டினார்கள். கியூரி தம்பதியருக்கு ரேடியம் தந்த தாது வந்த ஊர், இன்றைய செக் குடியரசின் யாக்கிமோவ். அங்கே 1906-இல் ரேடான் குளியல் தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது.

ஊற்றுக்குப் போக முடியாதவர்களுக்காக அமெரிக்காவில் 'ரெவிகேட்டர்' என்ற ஜாடி வந்தது. உள்சுவரில் ரேடியத் தாது பூசியிருக்கும். இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கலாம். அந்தப் பழைய ஜாடிகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கண்டது வேடிக்கையானது: தண்ணீரில் இறங்கிய ரேடானைவிட, தாதுவிலிருந்து கரைந்த ஆர்செனிக்கும் ஈயமும்தான் பெரிய கேடு.

'ரேடிதார்' அப்படியல்ல. அது காய்ச்சி வடித்த நீரில் ரேடியத்தையே கலந்து புட்டியில் அடைத்து விற்ற சரக்கு. எபன் பையர்ஸ் என்ற தொழிலதிபர், கோல்ஃப் சாம்பியன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட புட்டிகளைக் குடித்தார். ரேடியம் குணத்தில் கால்சியத்துக்கு உறவு. எலும்பு அதைக் கால்சியம் என்று நம்பி வாங்கி வைத்துக்கொள்ளும். அவருடைய தாடை எலும்பு சிதைந்தது, 1932-இல் இறந்தார், ஈயப்பெட்டியில் அடக்கம் செய்தார்கள்.

★

கைகர் கருவியைத் தண்ணீர்க் குடத்தின் மேல் பிடித்துப் பார்த்து "சத்தமே இல்லை, சுத்தமான தண்ணீர்" என்று சான்றிதழ் கொடுப்பவரை நம்பாதீர்கள். யுரேனியமும் ரேடியம்-226-உம் வெளிவிடுவது பெரும்பாலும் ஆல்ஃபா துகள்கள். ஒரு காகிதமே தடுத்துவிடும். தண்ணீரைத் தாண்டி வெளியே வருமா?

★

ஒரே பாறையில் பிறந்தாலும் யுரேனியத்துக்கும் ரேடியத்துக்கும் ஒத்துப்போகாது. ஆக்சிஜனும் பைகார்பனேட்டும் உள்ள தண்ணீரில் யுரேனியம் தாராளமாகக் கரையும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் அது பாறையோடு ஒட்டிக்கொண்டுவிடும். ரேடியமோ ஆக்சிஜன் இல்லாத, உப்புக் கூடிய ஆழ்நீரில்தான் அதிகமாகத் தலைகாட்டும். ஆகவே ஒன்று குறைவாக இருக்கிறதே என்று மற்றதைச் சோதிக்காமல் விடக்கூடாது.

★

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாக்கிஷா என்று ஓர் ஊர். 19-ஆம் நூற்றாண்டில் 'ஊற்று நகரம்' என்றே அதற்குப் பெயர். சர்க்கரை நோய் உட்பட எதையும் குணப்படுத்தும் என்று சொல்லி, அதன் ஊற்று நீரைப் புட்டிகளில் நாடெங்கும் விற்றார்கள். சிகாகோவில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்கு அந்த நீரைக் குழாயில் கொண்டுபோக ஒரு வியாபாரி திட்டமிட்டார். 1892 மே மாதம் ஓர் இரவு அவருடைய ஆட்கள் ரயிலேறிக் குழாய் பதிக்க வந்து இறங்கினார்கள். ஊரே திரண்டு, துப்பாக்கியும் கையுமாக அவர்களைத் திருப்பி அனுப்பியது.

பிறகு ஊர் வளர்ந்தது, மேலூற்று போதவில்லை, ஆழத்தில் இருக்கும் மணற்கல் அடுக்கிலிருந்து இறைத்தார்கள். அந்த அடுக்கின் தலைமேல் தண்ணீர் புகாத களிப்பாறை மூடியிருப்பதால் மழைநீர் சுலபமாக இறங்காது. நீர்மட்டம் ஐந்நூறு அடிக்கு மேல் இறங்கியது. ரேடியமோ அமெரிக்க அரசின் வரம்பைத் தாண்டி நின்றது. மிச்சிகன் ஏரி முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஊர் ஏரியின் வடிநிலத்துக்கு வெளியே இருப்பதால், சுற்றியுள்ள எட்டு மாநிலங்களும் சம்மதிக்காமல் ஒரு குடம்கூட எடுக்க முடியாது. 2016-இல் எட்டு ஆளுநர்களும் ஒருமனதாக ஒப்பினார்கள், ஒரு நிபந்தனையோடு: எடுத்த அளவு தண்ணீரைச் சுத்திகரித்து ஏரிக்கே திருப்ப வேண்டும். 2023 அக்டோபரில் வாக்கிஷாவின் குழாய்களில் ஏரி நீர் வந்தது. தன் தண்ணீரை வெளியூருக்குத் தர மறுத்த ஊர், வெளியூர்த் தண்ணீருக்காக ஆண்டுக்கணக்கில் மனுப் போட்ட கதை இது.

★

குடிநீரில் யுரேனியம் எவ்வளவு இருக்கலாம்? உலக சுகாதார அமைப்பு 1998-இல் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்றது. சில ஆண்டுகளில் அது 15 ஆனது. 2011-இல் 30. யாரோ வளைந்துகொடுத்துவிட்டார்கள் என்று தோன்றும். காரணம் வேறு. முதல் கணக்கு, எலிகளுக்கும் முயல்களுக்கும் கொடுத்துப் பார்த்ததை வைத்துப் போட்டது. பிறகு மனிதர்களைப் பற்றிய ஆய்வுகள் வந்தன. முக்கியமானது ஃபின்லாந்திலிருந்து. அந்த நாட்டின் தென்பகுதியில் கருங்கல்லைத் துளைத்துப் போட்ட வீட்டுக் கிணறுகள் ஏராளம். லிட்டருக்கு 1,920 மைக்ரோகிராம் வரை யுரேனியம் உள்ள நீரைக் குடித்துவந்த 325 பேரை ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். யுரேனியம் கூடக்கூட, சிறுநீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் சற்றே அதிகமாக வெளியேறின. அதாவது சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் லேசாகத் தடுமாறின. சிறுநீரகம் செயலிழந்துபோகும் அளவுக்கு எதையும் அந்த ஆய்வு காணவில்லை.

கவனித்தீர்களா, இந்த 30 என்ற எண் கதிரியக்கத்துக்காக வந்ததே இல்லை. யுரேனியம் ஈயத்தைப் போன்ற ஒரு கன உலோகம்; வேதியியல் நஞ்சு. யுரேனியம்-238 அணுக்களில் பாதி சிதைய 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால் கதிர் வேகம் மந்தம்; நஞ்சு அதற்காகக் காத்திருப்பதில்லை. கதிரியக்கத்தை மட்டும் பார்த்து எண் வைத்த இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60 வரை போகலாம் என்றது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையின் 2012 பதிப்பு வந்தபோது யுரேனியத்துக்கென்று தனி வரி கிடையாது, ஆல்ஃபா, பீட்டா என்ற மொத்தக் கணக்குதான். இப்போது 30 சேர்ந்திருக்கிறது. ஜெர்மனி இன்னும் கறார்: 10.

★

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 324 கிணறுகளின் நீரைச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். ராஜஸ்தானில் சோதித்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு 30-ஐத் தாண்டியது. பழைய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது 16 மாநிலங்களில் இந்தச் சிக்கல் தெரிந்தது. யாரும் கொண்டுவந்து கொட்டிய கழிவு அல்ல; பாறையிலேயே இருப்பது. ஆனால் "இயற்கை, நாம் என்ன செய்ய முடியும்" என்று கைகழுவவும் முடியாது. அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் இறங்க இறங்க, அதுவரை நீருக்குள் மூழ்கிக் கிடந்த பாறைக்குக் காற்று கிடைக்கிறது. உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டும் யுரேனியத்தைக் கரையும் வடிவத்துக்கு மாற்ற உதவுகிறது. பாறை தந்ததுதான், கதவைத் திறந்துவிட்டதில் நம் மோட்டாருக்கும் பங்கு உண்டு.

பஞ்சாபின் மால்வா பகுதியிலும் தண்ணீரில் யுரேனியம் கூடுதல். பட்டிண்டாவிலிருந்து பிகானேருக்குப் புற்றுநோயாளிகளைச் சுமந்து செல்லும் ரயிலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் புற்றுநோய்க்கு யுரேனியம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. தண்ணீரைச் சரிசெய்ய அந்த நிரூபணத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. சிறுநீரகம் ஒன்றே போதுமான காரணம்.

★

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது. சி.டபிள்யூ. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் இதைக் கண்டுகொண்டது, இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலால். அப்படியானால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிணறுகளெல்லாம் தோரியத் தண்ணீரா? தோரியம் நீரில் கரைவதே அரிது. அது சிதைந்து உண்டாகும் ரேடியம்-228 கரையக்கூடியது. சோதிப்பதானால் அதைத்தான் சோதிக்க வேண்டும். இதே மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறக்குறைய 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை.

★

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், யுரேனியம் சாகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். புற ஊதா விளக்கு வைத்த கருவிக்கும் இதில் வேலை இல்லை. ஆர்.ஓ. பெரும்பகுதி யுரேனியத்தையும் ரேடியத்தையும் பிடித்துவிடும், ஆனால் பிடித்தது மாயமாவதில்லை: கழிவுநீர்க் குழாயில் அடர்ந்து வெளியேறுகிறது. கடின நீரை மென்மையாக்கும் கருவி ரேடியத்தைப் பிடிக்கும், யுரேனியத்தை விட்டுவிடும். காரணம், நீரில் யுரேனியம் கார்பனேட்டோடு சேர்ந்து எதிர்மின் சுமையோடு திரிகிறது. ரேடியம் நேர்மின் சுமை. யுரேனியத்தைப் பிடிக்கக் கருவிக்குள் ஒரு வகைப் பிசின் வேண்டும், ரேடியத்துக்கு வேறு வகை.

கரி வடிகட்டி ரேடானைப் பிடிக்கும். ரேடான் அதற்குள்ளேயே சிதைந்து, காமா கதிர் விடும் வாரிசுகளை விட்டுச்செல்லும் என்பதால், ரேடான் மிகுந்த ஊர்களில் பழைய கரியைக் குப்பையில் போடுவதற்கே தனி விதி தேவைப்படுகிறது.

★

ரேடானைக் குடிப்பதைவிடச் சுவாசிப்பதுதான் ஆபத்து. குளியலறையில் ஷவரைத் திறந்ததும் தண்ணீரிலிருந்து பிரிந்து காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகிறது. ஜன்னலைத் திறந்து வைப்பது இதற்கு நல்ல மருந்து. ரேடானின் அரை ஆயுள் 3.8 நாள்தான், மாடித் தொட்டியில் விழுந்து தெறித்து ஓரிரு நாள் தங்கும் தண்ணீர் அதில் நிறைய இழந்துவிடும்.

1966-இல் தாஷ்கண்ட் நிலநடுக்கத்துக்கு முன்பு அவ்வூரின் ஆழ்கிணற்று நீரில் ரேடான் ஏறி, பின் இறங்கியதைச் சோவியத் அறிவியலாளர்கள் கண்டார்கள். அன்று தொடங்கி உலகெங்கும் கிணறுகளுக்குக் கருவி மாட்டிப் பார்க்கிறார்கள். நம்பி எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கு ரேடான் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை.

★

ஜோர்தானின் டிசி நீர்த்தாங்கியில் இருப்பது பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய மழை. 325 கிலோமீட்டர் குழாய் போட்டு 2013-இல் அதை அம்மானுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பழைய நீரில் ரேடியம் வரம்பைப் பல மடங்கு தாண்டுவதாக 2009-லேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. இவ்வளவுக்கும் அந்த மணற்கல்லில் யுரேனியமும் தோரியமும் குறைவுதான். ரேடியத்தைப் பிடித்து வைக்கக் களிமண் இல்லை, அதனால் தண்ணீரோடு வந்துவிடுகிறது. தாகத்தில் தவிக்கும் நாடு குழாயை மூடவில்லை. ரேடியம் குறைந்த வேறு நீரைக் கலந்து அளவைக் குறைக்கிறது.

★

உலகின் முதல் அணு உலையை நடத்தியதே நிலத்தடி நீர்தான். ஆப்பிரிக்காவின் காபோனில் ஓக்லோ என்ற இடத்துத் தாதுவில் யுரேனியம்-235 வழக்கமான 0.720 விழுக்காடு இல்லாமல் 0.717 மட்டும் இருப்பதை 1972-இல் பிரெஞ்சுக்காரர்கள் கவனித்தார்கள். அணுசக்தித் துறையில் அந்த 0.003 காணாமல் போனால் யாரும் தூங்க முடியாது. யாரும் திருடவில்லை, ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பே எரிந்து முடிந்திருந்தது. அப்போது யுரேனியத்தில் 235-இன் பங்கு மூன்று விழுக்காடு. பாறை இடுக்கில் புகுந்த நீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க, தொடர்வினை தொடங்கும். அரை மணி நேரத்தில் சூடேறி நீர் ஆவியாகிவிட, வினை நின்றுபோகும். இரண்டரை மணி நேரம் ஆறி, நீர் திரும்ப ஊறியதும் மறுபடி தொடங்கும்.

★

வீட்டுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது அமிலத்தன்மை, உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். யுரேனியம் அதில் இல்லையென்றால் தனியாகக் கேளுங்கள். லேசர் ஃபுளோரிமீட்டர் உள்ள ஆய்வகத்தில் சிறிதளவு நீரே போதும். நிறம், மணம், ருசி எதிலும் இது தெரியாது. கருங்கல் பாறையில் ஆயிரம் அடி இறக்கிவிட்டு "அவ்வளவு ஆழத்துத் தண்ணீர், கலப்படமே இல்லை" என்று பெருமைப்படுகிறவர்கள்தான் முதலில் கேட்க வேண்டியவர்கள்.

★

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 3 மைக்ரோகிராம் யுரேனியம். எல்லாக் கடல்களிலும் சேர்த்து 450 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். ஜப்பானியர்கள் நாரிழைகளைக் கடலில் தொங்கவிட்டு அதைப் பிடிக்கப் பல்லாண்டாக முயன்றிருக்கிறார்கள். லிட்டருக்கு 3 என்பது குடிநீர் வரம்பில் பத்தில் ஒரு பங்கு. ராஜஸ்தானின் எத்தனையோ கிணறுகள் தேறாத பரீட்சையில் கடல் பாஸ். குடிக்க விடாமல் தடுப்பது வெறும் உப்பு.