உங்களுக்குத் தெரியுமா? மிட்டாய் கேட்டு வரும் குட்டிப் பேய்கள்

ஹாலோவீன் அன்று, அக்டோபர் 31 மாலையில், அமெரிக்கப் பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடு வீடாகப் போவது பழைய வழக்கத்தின் வாரிசு. அதில் மிட்டாய்தான் புதுசு. இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வாசலில் நின்று, அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பதாகச் சொல்லிச் சிறு கேக்குகளைப் பெற்றார்கள். ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் ஒரு பாட்டாவது பாடினால்தான் பழமும் கொட்டைப் பருப்புகளும் கிடைக்கும். சும்மா கையை நீட்டினால் ஒன்றும் கிடையாது!

இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்ததும் அமெரிக்காவில் இப்படி வீடு வீடாகப் போகும் உற்சாகம் படுத்தது. 1947இல் ரேஷன் நீங்கியதும் எழுந்தது. அப்போதெல்லாம் வீட்டில் செய்த பாப்கார்ன் உருண்டை, ஆப்பிள்கூடக் கொடுப்பார்கள். பிறகு பயம் புகுந்தது. 1974இல் டெக்சாஸில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தான். விஷம் வைத்தவர் முகம் தெரியாத ஆள் அல்ல. காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட பெற்ற தகப்பனே. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல ஆண்டுச் செய்திகளைத் துருவிப் பார்த்தும், அந்நியர் தந்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆனாலும் என்ன, வீட்டுப் பலகாரம் போனது போனதுதான். உறை பிரிக்காத கம்பெனி மிட்டாய்க்கே இப்போது மதிப்பு.

பல ஊர்களில் இன்று வீட்டுப் படி ஏறுவதே இல்லை. தேவாலய, பள்ளி வாகன நிறுத்தங்களில் கார் டிக்கியை அலங்கரித்து, அங்கேயே விநியோகம். வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருந்தால், உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு அங்கே பொம்மையோ பென்சிலோ உண்டு. இது 2014இல் அமெரிக்கா முழுதும் பரவத் தொடங்கிய ஏற்பாடு.