மேடை யாருடையது?

வத்தலக்குண்டு சிறிய ஊர். கொடைக்கானல் மலையேறும் வண்டிகள் அடிவாரத்தில் சற்று நின்று போகும் இடம் என்பதே வெளியூரார் பலருக்கு இதைப் பற்றியுள்ள ஞாபகம். ஆயினும் தமிழ் எழுத்தின் சரித்திரத்தில் இவ்வூருக்குரிய இடம் சிறியதன்று. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமய்யர் இவ்வூரினர். 1884-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி சுப்பிரமணிய சிவா பிறந்தது இவ்வூரில். ‘மணிக்கொடி’யோடு பிரிக்க முடியாதபடி பெயர் பிணைந்துவிட்ட பி. எஸ். ராமையா 1905-இல் பிறந்ததும் இவ்வூரிலேதான். இவர்களுள் பின்னிருவரும் நாடகத்தை நாடியவர்கள் என்பதே நமக்கு இங்கே வேண்டிய செய்தி.

சிவா 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சிறை சென்றார். சிறையிலே தொழுநோய் பற்றிய உடலோடு 1912-இல் வெளிவந்தார். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாதென்று ஸர்க்கார் தடுத்தபோது, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். பேச்சு எட்டாத இடத்தில் வேஷம் எட்டும் என்று கண்டு நாடகங்களும் எழுதினார். ராமையாவோ சுதந்திரம் வந்த பிறகு ‘தேரோட்டி மகன்’ எழுதினார். எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் அதை மேடையேற்றியது. வில்லை ஏந்தி அரங்கில் நிற்கும் கர்ணனைப் பார்த்து, உன் வித்தை என்ன என்று கேட்கவில்லை. உன் குலம் என்ன என்றுதான் கேட்டார்கள். இந்தக் கேள்வி பாரத காலத்தோடு முடிந்துபோயிருந்தால் அந்த நாடகத்துக்கே அவசியம் இருந்திராது.

மேடைக்குள்ளேயே அக்கேள்வி புகுந்து உட்கார்ந்திருந்ததற்கு விசுவநாததாஸின் வாழ்க்கை சாட்சி. சிவகாசியில் மருத்துவர் குலத்தில், அதாவது ஊரார் நாவிதர் என்று ஒதுக்கிய குலத்தில், 1886-இல் பிறந்தவர் அவர். முருகன் வேஷம் தரித்து மேடைக்கு வந்து, வெள்ளைக் கொக்கு பறப்பதாகப் பாடினால், கொக்கு யார் என்பது கொட்டகையிலுள்ள குழந்தைக்கும் தெரியும். வாயிலில் நிற்கும் போலீஸாருக்கும் தெரியும். பலமுறை சிறை சென்றார். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி இரவு சென்னை ராயல் தியேட்டரில், மயில் மீது முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. இப்பேர்ப்பட்டவருக்கு ஜோடியாக வள்ளி வேஷம் கட்ட, அவருடைய சாதியைக் காட்டி மறுத்த நடிகையரும் இருந்தனர். தேச பக்தியில் யாருக்கும் இளைக்காத மேடை அது. ஆயினும் அந்த மேடை தாஸுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, மேடையில் யார் நிற்கிறார் என்பதோடு தீர்வதாயில்லை. கதையைத் தீர்மானிப்பவர் யார்? வசூல் பெட்டியின் சாவி யாரிடம்? அழைப்பு வந்தால் வரமுடியாது என்று சொல்லும் உரிமை யாருக்கு? இவற்றுக்கு விடை தேடுவோர், கடலுக்கப்பால் அமெரிக்காவிலுள்ள கறுப்பின மக்களின் நாடகக் கதையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். அக்கதை நம்முடையதற்கு அண்ணன் தம்பி போன்றது.

நியூயார்க்கில் 1821-இல் வில்லியம் பிரௌன் என்ற கறுப்பர், கப்பலில் பணியாளராக இருந்து ஓய்ந்தவர், தம் மக்களுக்கென்று ஒரு நாடகசாலை நடத்தினார். ஷேக்ஸ்பியரின் அரசர்களாகக் கறுப்பர்கள் நின்றார்கள். பக்கத்து வெள்ளையர் நாடகசாலைக்கு இது பொறுக்கவில்லை. ரௌடிகள் வந்து கலகம் விளைத்தனர். போலீஸார் நடிகர்களைக் கைது செய்தனர். சில ஆண்டுகளில் அந்நாடகசாலை மறைந்தது. அதன் பிறகு 1830-களில் எழுந்தது வேறொரு கூத்து. வெள்ளையர்கள் முகத்தில் தக்கைக் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பன் என்றால் சோம்பேறி, கோமாளி, திருடன் என்று ஆடிக் காட்டினார்கள். கூட்டம் சொல்லி முடியாது. அப்படி ஆடியவர்களுள் ஒருவன் சூட்டிய ‘ஜிம் குரோ’ என்ற வேஷப் பெயரே, பின்னாளில் கறுப்பரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கும் பெயராயிற்று. கோமாளி வேஷம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

நம் நாட்டில் இப்படியெல்லாம் இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். குறவர் அல்லாதார் குறவன் குறத்தி வேஷம் கட்டி, திருவிழா மேடைகளில் ஆபாசமாக ஆடுவதை நாம் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்தோம்! அச்சமூகத்தார் முறையிட்டு, வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், அதன் பின்னரே 2023-இல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. தடை நல்லதே. ஆயினும் தடை ஒரு வேஷத்தைக் கலைக்குமேயன்றி, அவ்விடத்தில் குறவர் தம் கதையைத் தாமே சொல்லும் மேடையைக் கட்டித் தராது.

அந்த மேடை எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூபாய்ஸ் 1926-இல் நான்கு நிபந்தனைகள் விதித்தார். நாடகம் கறுப்பர் வாழ்வைப் பற்றியதாக இருக்க வேண்டும். கறுப்பரே எழுதியதாக இருக்க வேண்டும். கறுப்பர் பார்ப்பதற்காக இருக்க வேண்டும். அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே நடக்க வேண்டும். கடைசி நிபந்தனையே எல்லாவற்றிலும் கடினமானது என்பது நம் அபிப்பிராயம். ஹார்லம் வட்டாரத்து நூலகம் ஒன்றின் நிலவறையை மேடையாக்கி அவருடைய ‘கிரிக்வா’ குழு நாடகம் போட்டது. மறு ஆண்டே யூலாலி ஸ்பென்ஸ் என்ற பெண் எழுதிய நாடகத்துக்கு 200 டாலர் பரிசும் கிடைத்தது. பரிசுப் பணத்தை டூபாய்ஸ் நாடகச் செலவுக்கென்று ஈடு செய்துகொண்டார். எழுதியவருக்கும் நடித்தவர்களுக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. குழு கலைந்தது. நான்கு நிபந்தனைகளையும் வகுத்த மேதைக்கு ஐந்தாவது ஒன்று தோன்றாமற் போயிற்று: பணமும் அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

1940-இல் அதே ஹார்லத்தில் தோன்றிய ‘அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்’ இதை உணர்ந்தது போலும். ஆப்ராம் ஹில், பிரெடரிக் ஓனீல் ஆகிய இருவர் முன்னின்று நடத்திய அச்சபையில் ஒரு விதி இருந்தது. அங்கத்தினர் வெளியே போய் நடித்துச் சம்பாதித்தால் நூற்றுக்கு 2 வீதம் சபைக்குக் கொடுக்க வேண்டும். சிட்னி பாய்ட்டியேயும் ஹாரி பெலபாண்டேயும் பயின்ற இடம் அது. 1944-இல் அவர்களுடைய நாடகமொன்று பெரிய மேடையான பிராட்வேக்குப் போய் அமோகமாக ஓடியது. ஆனால் லாபத்தில் சபைக்குக் கிடைத்தது சொற்பம். கெட்டிக்கார நடிகர்கள் பெரிய மேடையிலேயே தங்கிவிட்டார்கள். தாய்ச் சபை மெலிந்து போயிற்று. தோல்வியால் அழிந்த நாடக சபைகளை நாம் அறிவோம். இச்சபையை மெலிவித்ததோ வெற்றி.

இனி நம் ஜில்லாவுக்குத் திரும்புவோம். வத்தலக்குண்டிலிருந்து வடகிழக்கே பஸ்ஸில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திண்டுக்கல். அங்கே 1990-இல் அருட்சகோதரி சந்திரா முதலியோர் தொடங்கிய சக்தி கலைக்குழு, தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த இளம் பெண்களைச் சேர்த்துப் பறையும் ஒயிலாட்டமும் பிற கிராமக் கலைகளும் பயிற்றுவிக்கிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் எனப் பலர் வந்து சேர்ந்தனர். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். தாளத்தோடு தங்கள் நிலைமைக்குக் காரணம் என்ன என்பதையும் பேசிப் பழகுகிறார்கள்.

பறை என்றவுடன் நம்மில் பலருக்கு என்ன தோன்றுகிறது? சாவு வீடு தோன்றுகிறது. மூன்று துண்டு மரத்தை வளையமாகப் பூட்டி, புளியங்கொட்டைப் பசையிட்டுக் கன்றுத் தோலை இழுத்து ஒட்டி, வைக்கோல் தீயிலே காய்ச்சி, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியுமாக எழுப்பும் அந்த நாதத்தில் இழவு எங்கே இருக்கிறது? தோலில் இல்லை, மரத்தில் இல்லை. ஊரில் யார் செத்தாலும் வந்து அடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தில் இருக்கிறது. படியளந்தோ, மது வாங்கிக் கொடுத்தோ, மிரட்டியோ வாங்கிய வேலை அது. மறுத்தால் தண்ணீருக்கும் வேலைக்கும் வழியடைத்த கிராமங்கள் தமிழ்நாட்டில் உண்டு. அடிக்க மாட்டேன் என்று சொல்லப் போய் அடிபட்டவர்களும் உண்டு. எனவேதான் அச்சமூகத்திலேயே ஒரு சாரார் பறையைத் தொடவே கூடாது என்கின்றனர். மற்றொரு சாரார் அதை எடுத்து மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்கின்றனர். வெளியே நிற்கும் நாம் இவ்விரு கட்சிகளில் ஒன்றை மெச்சி மற்றொன்றைக் கண்டிப்பது தகாது. இரண்டும் ஒரே காயத்திலிருந்து எழுந்தவை.

சக்தி குழுவின் பெண்கள் செய்திருப்பது இதுதான். ஆண்கள் மட்டுமே, அதுவும் கட்டாயத்தின் பேரில், அடித்துவந்த கருவியைப் பெண்கள், தாமாக விரும்பி, இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பலர் நடுவே நின்று அடிக்கிறார்கள். எங்கே அடிப்பது, எதற்காக அடிப்பது என்பது அவர்கள் தீர்மானம். அவர்கள் ஆட்டத்தைப் பார்க்கும் ஒருவர் முதலில் கவனிப்பது கைகளை. பிறகு கவனிப்பது தலையை. நிமிர்ந்த தலையோடு பறையடிப்பதை நம் கிராமங்கள் கண்டதில்லை. ஸோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆராய்ச்சியாளர் இவர்களைப் பற்றிப் படம் எடுத்திருக்கிறார். நம்மவர் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம் என்று கேட்டால் தலைகுனிய வேண்டியதுதான்.

நாடக இலக்கியத்தில் இதே காரியத்தைச் செய்தவர் முனைவர் கே. ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையில் மாரந்தை என்னும் சிற்றூரில் 1955-இல் பிறந்து, பாட்டும் ஆட்டமும் கற்று, ‘தன்னானே’ கலைக்குழுவை நடத்தியவர். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. அக்கொடுமையை எண்ணிக் கவிஞர் இன்குலாப் எழுதிய பாட்டைப் பட்டி தொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது இவர் குரல். ‘பலி ஆடுகள்’ என்ற இவருடைய நாடகம், தமிழில் தலித் நாடகம் என்று சொல்லத்தக்கவற்றுள் முன்னோடியாக எண்ணப்படுவது. சாதியின் பாரம் பெண் மேல் இரட்டிப்பாக விழுவதைத் தம் சமூகத்து ஆண்களையும் விட்டுவைக்காமல் காட்டியது அது. பிறர் எழுதியிருந்தால் அவதூறாகியிருக்கும். உள்ளிருந்து எழுந்ததால் சுயவிசாரணை ஆயிற்று. பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நிகழ்கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, 2016 ஜனவரியில் காலமானார். ‘வடு’ என்ற அவருடைய சுயசரிதையை இன்னும் படிக்காதவர்கள் படிக்க வேண்டும்.

இந்தக் குழுக்களுக்குப் புகழ் வராமலில்லை. மதுரைப் பக்கத்து அலங்காநல்லூரில் சமர் கலைக்குழுவை நடத்தும் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் விருது பெற்ற அந்த நாதத்தை நாம் எங்கே நிறுத்துகிறோம் என்று பாருங்கள். மந்திரி வருகிறார், கல்லூரி ஆண்டு விழா நடக்கிறது, புத்தகக் கண்காட்சி திறக்கிறார்கள். பறைக் குழுவை அழைக்கிறார்கள். எங்கே அழைக்கிறார்கள்? வாயிலுக்கு. விருந்தினர் மோட்டாரை விட்டு இறங்கும்போது முன்னே அடித்துக்கொண்டு வரவேண்டும். விருந்தினர் மேடையேறியதும் இவர்கள் வெயிலில் ஒதுங்க வேண்டும். ஒலிபெருக்கியில் அவர்கள் பெயர் வருவதுமில்லை. கூலி எவ்வளவு என்பது விழா முடிந்த பிறகு பேசப்படும். பழைய ஊர்க் கட்டாயம் புது உடுப்பு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறதோ என்று நமக்குச் சந்தேகம் எழுவது தவறாகுமா? டூபாய்ஸுக்குத் தோன்றாமற் போன அந்த ஐந்தாவது நிபந்தனையை நம் விழாக் கமிட்டியாரும் மறந்துபோகிறார்கள்.

தர்மத்தையும் மானியத்தையும் நம்பி ஒரு கலைக்குழு எத்தனை நாள் தலைநிமிர்ந்து நிற்கும் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. ஆட்டத்துக்கு நியாயமான தொகை, அது பேசிய நாளிலேயே முன்பணம், பயணத்துக்கு வண்டி, பெண்கள் தங்கவும் உடை மாற்றவும் கதவுள்ள ஓர் அறை: இவை கிடைத்தால் மானியம் பாதி குறையும். மேல்நாட்டுப் பாடகருக்கும் சினிமாக்காரருக்கும் இவற்றைக் கேளாமலே செய்து கொடுக்கும் நமக்கு இது தெரியாத வித்தையன்று.

அக்டோபர் 4-ஆம் தேதி சிவாவின் பிறந்த நாள். அன்று வத்தலக்குண்டில் அவரை நினைத்துக் கூடுவோர், வாயிலில் பறையடிக்க ஆள் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். திண்டுக்கல்லிலிருந்தோ அலங்காநல்லூரிலிருந்தோ ஒரு குழுவை முன்கூட்டியே அழைத்து, அவர்கள் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்து, மேடை நடுவே ஒன்றரை மணி நேரம் விட்டுக் கொடுங்கள். என்ன ஆடுவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பேச்சாளர்கள், இக்கட்டுரையை எழுதியவர் உட்பட, கீழே உட்கார்ந்து கேட்கலாம்.